கிணற்றில் மல்லாந்து கிடந்த பூச்சிகள்

எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தும் வேலையை ஒழுங்காக முடிக்கிற பிராணி ஒன்றை என் உத்தியோக காலத்தில் பார்த்திருக்கிறேன். தலைகீழாகச் செய்து வேலையையும் கெடுக்கிறவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் பென்ஷன் வந்துவிட்டது, எனக்கும் வருகிறது. ஆகவே அவர்களை விட்டுவிட்டுப் பூச்சியைப் பற்றி எழுதுகிறேன்.

நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய பூச்சி அது. தண்ணீரின் மேல்மட்டத்தில் வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடக்கும். இரண்டு நீண்ட கால்களைத் துடுப்புப் போல அகல விரித்திருக்கும். பார்த்தால் செத்து மிதப்பது போல இருக்கும். நிழல் பட்டதும் ஒரே உந்தலில் அடியில் மறைந்துவிடும். மல்லாந்தபடியேதான் நீந்தும், இரை பிடிக்கும், சாப்பிடும். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று பலரைக் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொன்னார்கள். அதிலிருந்து ஒருவருக்கும் தெரியாது என்று தெரிந்துகொண்டேன்.

யுத்த காலத்தில் நான் மயிலாப்பூர்ப் பக்கத்துக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர். ஜனங்கள் வைத்த பெயர் கொசு இன்ஸ்பெக்டர். வீடு வீடாகப் போய்க் கிணற்றில் நீளக் கைப்பிடி போட்ட வெள்ளை எனாமல் கரண்டியை விட்டு மொண்டு பார்க்க வேண்டும். கொசுப்புழு நெளிந்தால் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ். நோட்டீஸ் வந்தவருக்கு இரண்டே வழி. கிணற்றில் கொசுப்புழு தின்னும் சின்ன மீன்களை விட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கிணற்றின் வாயைச் சிமெண்டுப் பலகையால் மூடிக் கைப்பம்பு வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாம் என்றால் இலாகாவே மூடிவிட்டுச் செலவை வசூல் செய்யும். இந்த விதியை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். கல்யாணம் ஆகாதவனாக இருந்ததால் அதனால் யாருக்கும் தொந்தரவில்லை.

அப்போது மந்தைவெளியில் ஒரு வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர், அவர் மனைவி, கல்யாணத்துக்கு நிற்கும் ஒரே பெண். அவர்களை மாமா, மாமி என்று கூப்பிடுவேன். மாமாவுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கணக்கு ஆபீஸில் வேலை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது இவர்களும் கும்பகோணம் போய்ப் பல மாதம் கழித்துத் திரும்பினார்கள். ஆள் இல்லாத அந்த மாதங்களில்தான் கொல்லைக் கிணற்றில் அந்தப் பூச்சிகள் குடியேறியிருக்க வேண்டும். என்னைப் போல வாடகை கொடுத்துக் குடிவந்தவை அல்ல.

திரும்பி வந்ததும் பெண்ணுக்கு இடம் அமைந்தது. தியாகராய நகரில் புது வீடு, நல்ல பையன், தை மாதத்தில் பெண் வீட்டிலேயே கல்யாணம். சம்பந்தி நகை பேசவில்லை, சீர் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். கல்யாணச் சமையல் முழுவதும் கயிறு போட்டுக் கையால் இறைத்த கிணற்றுத் தண்ணீரில் நடக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, பம்புத் தண்ணீர் கூடவே கூடாது.

இந்தக் காலத்தவர்களுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். அந்த நாள் பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் தோல் வாஷர் இருக்கும். தோல் பட்ட தண்ணீர் ஆசாரத்துக்கு ஆகாது. மாமாவும் அந்தக் கட்சிதான். வீட்டில் கிணற்றுத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டார். ஆனால் ஆபீஸ் கேண்டீனில் தினமும் காபி குடிப்பார். அந்தக் காபி எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். "கொதிச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். வீட்டிலும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாமே என்று நான் கேட்கவில்லை. வாடகைக்கு இருக்கிறவன் கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு.

ஆக, அந்தக் கிணறு திறந்திருந்தால்தான் கல்யாணம். இதில் எனக்குச் சங்கடம் ஒன்றும் இருந்திருக்க வேண்டியதில்லை. வாராவாரம் கரண்டி விட்டுப் பார்த்தேன், ஒரு புழுகூடக் கிடையாது. மாமியின் சுத்தம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். மாமியும் அப்படித்தான் நினைத்தாள்.

கெட்டது என் முன்ஜாக்கிரதையால். நான் குடியிருக்கும் வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் சலுகை என்று நாளைக்கு ஒருவன் மொட்டைக் கடிதாசி போட்டால்? கல்யாணத்துக்கு முன்பே மீன் விட்டுவிடுவது உத்தமம் என்று மாமாவிடம் சொன்னேன்.

"மீனா?" என்றாள் மாமி, சமையலறையிலிருந்து. அந்த வீட்டில் சுவர்களுக்குக் காது தேவைப்பட்டதில்லை. "குடிக்கற தண்ணியில மீனா? அம்பி, உனக்கு மூளை கீளை பிசகிடுத்தா?"

மாமா கண்ணை மூடி யோசித்தார். "காவேரியில மீன் இல்லையோடி? அதுலதானே இத்தனை மாசம் ஸ்நானம் பண்ணே? உசிரோட இருக்கற மீனுக்குத் தோஷம் கிடையாது."

"அது ஓடற தண்ணி. இது நிக்கற தண்ணி."

"மீன் ஓடுமோன்னோ?" என்றார் மாமா.

மாமி ஒத்துக்கொண்டதற்கு இந்த வாதம் காரணம் இல்லை. சம்பந்திக்கு மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

இலாகாவில் மீன் குடம் தூக்குகிறவர் ஒருவர் உண்டு. சைதாப்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அதிகாரிகள் யாராக இருந்தாலும் பேச்சில் ஒரே விலைதான். குடத்தோடு வந்தவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். மழைக்காலம், தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"இன்னா சார் இது, பூச்சிங்க மல்லாக்கப் பட்துகினு கீது?"

"செத்துப் போச்சு போல. மிதக்கிறது."

"இம்மாம் பூச்சி ஒரே நேரத்துல எப்டி சார் சாவும்? சரி, நமக்கு இன்னாத்துக்கு. மீன் துன்னுட்டுப் போவட்டும்."

பெரிய மீன் கையிருப்பில் இல்லை என்று குஞ்சுகளைத்தான் கொடுத்திருந்தார்கள். குடத்தைச் சாய்த்தோம். குஞ்சுகள் வெள்ளிப் பொடி போல உள்ளே இறங்கின. கிணற்றுக்கு மீன் விடப்பட்டது என்று பதிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மாமியின் குரல் என்னை மாடியிலிருந்து இறக்கியது. துவைக்கிற கல்மேல் வாளி இருந்தது. அதில் நாலைந்து குஞ்சுகள் வெளுத்துப்போய் மிதந்தன. நேற்று நாங்கள் பிணம் என்று தீர்மானித்த பூச்சி ஒன்று, மல்லாந்தபடியே, ஒரு மீன் குஞ்சை மார்போடு அணைத்துக்கொண்டு ஊசி மூக்கால் உறிஞ்சிக்கொண்டிருந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு ஊஞ்சலில் படுத்திருப்பது போல அத்தனை சாவகாசம்.

"மீன் விடறேன்னு சொல்லிட்டுப் பிணத்தைன்னா விட்டிருக்கே!" என்றாள் மாமி.

"விடும்போது உயிரோடுதான் இருந்தது, மாமி."

"காவேரி, காவேரின்னேளே," என்று அவள் மாமா பக்கம் திரும்பினாள். மாமா அன்று சீக்கிரமே ஆபீஸுக்குக் கிளம்பினார்.

உயிர் மீனுக்குத் தோஷம் இல்லை என்ற தீர்ப்பில் செத்த மீனுக்கு இடம் இல்லை. கிணறு தீட்டாகிவிட்டது. ஆட்கள் வந்து தரை தெரிய இறைத்துக் கொட்டினார்கள். வெளியே கொட்டிய சேற்றில் சிக்கிய பூச்சிகளை மாமி துடைப்பத்தால் தள்ளி, "கொலைகாரப் பூச்சி, தொலைஞ்சு போ" என்றாள். வெயில் பட்டு உலர்ந்ததும் அவை ஒவ்வொன்றாக நிமிர்ந்து இறக்கையை விரித்துப் பறந்தன. அவற்றுக்கு இறக்கை உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாஸ்திரிகள் வந்து தீட்டுப் போகப் புண்யாஹவாசனம் செய்தார். புதுத் தண்ணீர் ஊறியது. எல்லாம் சுத்தம்.

மார்கழி நடுவில் கரண்டியை விட்டேன். ஏழெட்டுப் புழுக்கள் கரண்டிக்குள் குட்டிக்கரணம் போட்டன.

மறுபடியும் மொண்டேன். மறுபடியும் புழு. இத்தனை நாள் இந்தக் கிணற்றைக் காத்தது மாமியின் சுத்தம் இல்லை, அந்தக் கொலைகாரப் பூச்சிதான் என்பது அப்போது விளங்கியது. இதைவிட மோசமான ஒரு சமாசாரமும் கையில் இருந்தது. என் மேலதிகாரி பத்து நாளில் மந்தைவெளிக் கிணறுகளைத் தாமே வந்து பார்க்கப்போவதாகத் தாக்கீது வந்திருந்தது.

அவர் சாந்தோம் கோயில் தெருக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர். பரம்பரை பரம்பரையாக ஆசிரியர்கள் உள்ள வீடு. அந்த வழக்கப்படி எங்களையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாகவே நடத்துவார். புழு கண்டால் மீன், மீன் இல்லாவிட்டால் பலகை, இதில் அவருக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. பலகை என்றால் பம்பு. பம்பு என்றால் தோல் வாஷர். தோல் வாஷர் என்றால் சம்பந்தி வீட்டார் இலையில் உட்காரமாட்டார்கள்.

மாமி கேட்டுவிட்டுக் கிணற்றை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "மீன் இனிமே இந்த ஆத்துக்குள்ள வரப்படாது. அந்தப் பூச்சி போனதுனாலதானே இந்தப் புழு? அந்தப் பூச்சியையே திரும்பிக் கொண்டுவந்து விடு."

"நீங்கள்தானே மாமி துடைப்பத்தால்…"

"கோவத்துல ஒரு வார்த்தை சொன்னா அதுக்காக அதுகள் போயிடறதா?"

சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த பெண் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அவள் அதிகம் பேசாதவள். தன் கல்யாணம் கொசுப்புழுவைப் பொறுத்து நிற்பதையும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அரசாங்கத்தில் மீன் வேண்டும் என்று எழுதிக் கேட்க முறை உண்டு. கரண்டி உடைந்தால் வேறு கரண்டி வாங்க முறை உண்டு. பூச்சி வேண்டும் என்று கேட்க முறை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைதாப்பேட்டைக்காரரையும் ஒரு பழைய கொசுவலைத் துண்டையும் ஒரு பித்தளைத் தவலையையும் சேர்த்துக்கொண்டு அடையாற்றுக்குப் போனேன். ஆற்றங்கரை ஓரம் மழைத் தண்ணீர் தேங்கிய குட்டைகள். அவற்றில் பூச்சிகள் மல்லாந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"மீன் குடம் தூக்கினா சர்க்கார் கூலி குடுக்குது," என்றார் அவர், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு. "பூச்சிக் குடத்துக்கு எந்தக் கணக்குல சார் எய்துவே?"

"இதை எழுதமாட்டேன். டிபன் வாங்கித் தருகிறேன்."

"அப்டின்னா வேலை நடக்கும்." அடுத்த நிமிஷம் கையை உதறிக்கொண்டு குதித்தார். "அய்யய்யோ! கடிச்சிடுச்சி சார்! தேள் கணக்கா கடுக்குது!"

"செத்ததா, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துத் தொட வேண்டாமா?" என்றேன்.

"நீதானே சார் அன்னிக்கு செத்துப்போச்சின்ன?" என்றார். அடுத்த கடி எனக்கு விழுந்தது. அவர் மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டார்.

தவலையின் வாயைத் துணியால் கட்டி, பெட்ரோல் பஞ்சத்தால் கரி அடுப்பைப் பின்னால் சுமந்து மூச்சு வாங்கி ஓடுகிற பஸ்ஸில் ஏறினோம். பக்கத்தில் உட்கார்ந்தவர், "பாலா?" என்று கேட்டார். "பூச்சி" என்றார் சைதாப்பேட்டைக்காரர். மந்தைவெளி வரையில் எங்களுக்கு இடம் தாராளமாக இருந்தது.

பூச்சிகளைக் கிணற்றில் விட்டோம். இரண்டு மூன்று நாளில் கரண்டியில் புழு குறைந்தது, பிறகு மறைந்தது. மாமி தினமும் காலையில் எட்டிப் பார்த்து, "இருக்கா?" என்பாள். "இருக்கு" என்பாள் பெண். வைகுண்டத்தில் கதவு திறந்ததா என்று விசாரிப்பது போல இருக்கும்.

மேலதிகாரி வந்த நாள் காலை பத்து மணிக்கு அவருடைய தொப்பி வாசலில் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு ரிக்ஷா வந்து நின்றது. அதிலிருந்து சம்பந்தி இறங்கினார். கல்யாணத் தண்ணீரை ஒரு தடவை வாயில் விட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவருக்கு அன்றுதான் தோன்றியிருக்கிறது.

கிணற்றில் ஒன்று இருக்க வேண்டும் என்பவர் ஒருவர். ஒன்றும் இருக்கக்கூடாது என்பவர் ஒருவர். இருவரும் கைப்பிடிச் சுவரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். மாமா தூணைப் பிடித்துக்கொண்டார்.

மேலதிகாரி கரண்டியை விட்டு மொண்டார். பார்த்தார். இன்னொரு தடவை மொண்டார். "புழு இல்லை," என்றார், குற்றம் சாட்டுகிற குரலில். "மீன் எங்கே?"

"மீனா?" என்றார் சம்பந்தி. "கிணத்துலயா?"

மாமி என்னைப் பார்த்தாள். மீன் இருக்கிறது என்றால் கல்யாணம் போயிற்று. இல்லை என்றால் கிணறு போயிற்று.

"மீன் இல்லை, சார்," என்றேன்.

சம்பந்தி மூச்சு விட்டார். மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். "மீன் விட்டதாகப் பதிந்திருக்கிறதே?"

"விட்டோம், சார். தங்கவில்லை."

"அப்படியானால் மூடிப் பம்பு வைக்கவேண்டியதுதானே?"

"பம்பா!" என்றார் சம்பந்தி. "தோல் வாஷர் வெச்ச பம்பா? பெரியவரே, என்ன சொல்றேள் நீங்க?" இந்தக் கடைசி வார்த்தை மாமாவுக்கு. மாமா தூணிடமிருந்து பதிலை எதிர்பார்த்தார்.

மேலதிகாரிக்குத் தோல் வாஷரில் அக்கறை இல்லை. மாமி இறைத்து வைத்திருந்த வாளியில் ஏதோ கறுப்பாக மிதப்பதைக் கண்டு, "சுத்தமும் இல்லை. செத்த பூச்சி," என்று கையை விட்டு எடுத்தார்.

"சேசு மரி சூசை!" என்று அவர் அலறியது மந்தைவெளி முழுதும் கேட்டிருக்கும். பூச்சி வாளிக்குள் விழுந்து, மறுபடி மல்லாந்து, ஒன்றும் நடக்காதது போலக் காலை நீட்டிக்கொண்டது.

அவர் விரலை உதறிக்கொண்டிருந்தபோது பெண் உள்ளிருந்து வந்தாள். கையில் ஒரு கண்ணாடி டம்ளர். மாப்பிள்ளையின் அப்பா நிற்கும் இடத்துக்குக் கூப்பிடாமல் வந்ததற்கு மாமி கண்ணாலேயே அதட்டினாள். பெண் டம்ளரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். அதில் அடுத்த வீட்டுத் தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீர், நிறையக் கொசுப்புழு. ஒரு கொட்டாங்கச்சியால் வாளியிலிருந்த பூச்சியை லாகவமாக எடுத்து டம்ளருக்குள் விட்டாள். இதை அவள் முதல் தடவையாகச் செய்யவில்லை என்பது தெரிந்தது.

பூச்சி ஒரு கணம் சும்மா கிடந்தது. பிறகு ஒரு உந்தல். ஒரு புழுவைப் பிடித்து, அணைத்து, உறிஞ்சித் தோலை மட்டும் விட்டது. அடுத்தது. அடுத்தது. சம்பந்தி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். மேலதிகாரியும் குனிந்தார். இரண்டு தலைகளும் ஏறக்குறைய இடித்துக்கொண்டன.

"என்ன ஓய், படுத்துண்டே சாப்பிடறது!" என்றார் சம்பந்தி.

"என் ஆபீஸில் சிலர் அப்படித்தான்," என்றார் மேலதிகாரி. என்னைப் பார்த்துச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். "சார், புழு கண்டால்தான் நோட்டீஸ். நோட்டீஸ் வந்தால்தான் மீனோ பலகையோ. இந்தக் கிணற்றில் தாங்களே இரண்டு தடவை மொண்டு புழு காணவில்லை. நோட்டீஸ் இல்லாமல் மூட நமக்கு அதிகாரம் கிடையாது."

அவர் வீங்கிய விரலைப் பார்த்தார். விதியை என்னைவிட அவர் நன்றாக அறிந்தவர். அதை அவர் முன் ஒரு சின்ன இன்ஸ்பெக்டர் ஒப்பித்ததில் வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் சரியாக ஒப்பிக்கும் பிள்ளையை அடிக்கிற வழக்கம் அவர் வீட்டில் இல்லை. "சரி. மாசி மாதம் மறுபடி வந்து பார்ப்பேன்," என்றார். "அதற்குள் புழு வந்ததோ, பலகைதான்."

கல்யாணம் தையில். மாமி புடைவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் இன்னொரு அதிகாரி மிச்சம் இருந்தார். "பூச்சி இருக்கற தண்ணி…" என்று சம்பந்தி இழுத்தார்.

"எந்தக் கிணத்துல பூச்சி இல்லை?" என்றாள் மாமி. "துணி போட்டு வடிகட்டித்தானே சமைக்கறோம்? இதுல தோல் கிடையாது, மீன் கிடையாது. தான் உண்டு, தன் சாப்பாடு உண்டுன்னு படுத்துண்டிருக்கு."

சம்பந்தி கிணற்றுக்குள் வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் வடிகட்டிய தண்ணீரை வாங்கி, வாயில் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டு, "நன்னாயிருக்கு," என்றார். வாசல் வரையில் போனவர் திரும்பி வந்து மாமாவைத் தனியே அழைத்துப் போனார். இருவரும் மிகவும் தணிந்த குரலில் பேசினார்கள். ஒரு வேளை இப்போதுதான் நகைப் பேச்சு வருகிறதோ என்று மாமி நடுங்கினாள்.

நகை இல்லை. தியாகராய நகர்ப் புது வீட்டுக் கிணற்றை இலாகா போன வருஷமே பலகை போட்டு மூடிப் பம்பு வைத்துவிட்டதாம். அன்றிலிருந்து அவர் வீட்டுச் சமையலுக்கு நாலு வீடு தள்ளியிருந்து குடத்தில் தண்ணீர் வருகிறது. இதை அவர் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. அந்தப் பூச்சியில் கொஞ்சம் கிடைக்குமா?

பலகையை எடுக்க மனுப் போடும் முறையை நானே அவருக்கு எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு முறை உண்டு. யாரும் கேட்காததால் நாங்கள் சொல்வதில்லை.

கல்யாணம் கிணற்றுத் தண்ணீரில் நடந்தது. ரசத்தைப் பற்றி மட்டும் சம்பந்தி வீட்டில் ஏதோ சொன்னார்கள். அது தண்ணீரின் குற்றம் அல்ல. பெண்ணைக் கொண்டுவிடப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். வீட்டு மனிதன் என்பதால் அழைத்ததாகச் சொன்னார்கள். பூச்சி பிடிக்க அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக் குடம், குத்துவிளக்கு, பருப்புத்தேங்காய், பட்சணக் கூடை, இவற்றோடு வாயைத் துணியால் கட்டிய அந்தப் பித்தளைத் தவலையும் சீர் வரிசையில் இறங்கியது. ஆரத்தி எடுத்தார்கள். பெண் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

மாப்பிள்ளையின் அம்மா சீர்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். தவலைக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்து, "இதுல என்ன, தேனா?" என்று கையை நீட்டினாள்.

புது மாட்டுப்பெண் அந்த வீட்டில் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"கையை விட்டுடாதீங்கோம்மா. செத்ததுபோல இருக்கும், கடிச்சிடும்."